பாறைக்கரையில் கம்பளக் கடற்பீச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிடெம்னம் வெக்சில்லம். கம்பளக் கடற்பீச்சி என்ற கடலுயிரின் அறிவியல் பெயர் இது. வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். ஆனாலும் இங்கிலாந்தின் கென்ட் கரையிலும், வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நியூசிலாந்து, அலாஸ்கா கரைகளிலும் படகு வைத்திருப்பவர்களும் சிப்பிப் பண்ணைக்காரர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கரைகளில் நடப்பவர்கள், படகு கட்டுபவர்கள், கடலுயிர்க் கணக்கெடுப்புக்குப் போகும் தன்னார்வலர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

இது பாசியா, பூஞ்சையா, கடற்பஞ்சா?

மூன்றும் இல்லை, விலங்கு. அதுவும் நமக்குத் தூரத்துச் சொந்தம். இதன் குஞ்சு தலைப்பிரட்டை போல வாலோடு நீந்தும். அந்த வாலுக்குள் முதுகுநாண், அதாவது முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு, இருக்கும். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டதும் வால் கரைந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுவதும் நீரை உறிஞ்சி, வடிகட்டித் தின்று, மிச்சத்தை வெளியே விடும். தொட்டால் நீரைப் பீச்சுவதால்தான் இந்த இனத்துக்குக் கடற்பீச்சி என்று பெயர்.

இந்த வகை தனியாக வாழ்வதில்லை. 1 முதல் 2 மி.மீ. நீளமுள்ள சின்னஞ்சிறு தனியுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே தோலுக்குள் புதைந்து கிடக்கும். இந்தக் கூட்டத்தைத்தான் காலனி என்கிறோம். வாய் ஒவ்வொன்றுக்கும் தனி, கழிவு வாசல் மட்டும் பலருக்கும் பொது. வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரே சாக்கடை ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் ஊசி குத்திய புள்ளிகள் நிறையத் தெரியும், அவை வாய்கள். ஆங்காங்கே தெரியும் பெரிய ஓட்டைகள் பொது வாசல்கள்.

வெக்சில்லம் என்றால் லத்தீனில் கொடி. கயிற்றிலும் மிதவையிலும் வளரும்போது கிழிந்த கொடி போல் தொங்கும். பாறையில் கம்பளம் விரித்தது போல் படர்வதால் கம்பளக் கடற்பீச்சி என்கிறார்கள். 'கடல் வாந்தி' என்ற பட்டப்பெயரும் உண்டு. அருவருப்பான பெயர்தான், ஆனால் நேரில் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

பூர்வீகம் எது?

ஜப்பான் பக்கம். ஆனால் அறிவியல் பெயர் கிடைத்தது நியூசிலாந்தில். அங்கே வாங்கமாட்டா துறைமுகத்தில் 2001இல் கண்ணில் பட்டதை, ஆஸ்திரேலிய ஆய்வாளர் பாட்ரீசியா காட் 2002இல் புதிய இனமாக விவரித்தார். அதனால் அது நியூசிலாந்துக்கே உரிய உயிரோ என்று சில காலம் குழப்பம் இருந்தது. மரபணு ஆய்வுகள் ஜப்பானைக் காட்டிய பிறகுதான் தெளிந்தது.

அதற்கு முன்பே இது ஊர் சுற்றத் தொடங்கியிருந்தது. நெதர்லாந்தின் ஊஸ்டர்ஸ்கெல்ட் பகுதியில் 1991இலேயே இருந்தது. அயர்லாந்தில் 2005இல் மாலஹைடு, வேல்ஸில் 2008இல் ஹோலிஹெட், ஸ்காட்லாந்தில் 2009இல் லார்க்ஸ். மூன்றுமே மெரினாக்கள். (மெரினா என்றதும் சென்னைக் கடற்கரை நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல் பொழுதுபோக்குப் படகுகள் கட்டும் துறையைக் குறிக்கும்.) 2010இல் அலாஸ்காவின் சிட்காவில், தன்னார்வலர்களும் கலந்துகொண்ட ஒரு கணக்கெடுப்பில் பிடிபட்டது. 2011இல் வடக்கு கென்ட் கரையில், படகுத்துறைக்கு வெளியே இயற்கையான கரையிலேயே தென்பட்டது.

பாறைக்கரையில் எந்த இடத்தில் தேட வேண்டும்?

பாறையின் மேல்முகத்தில் தேடினால் கிடைக்காது. வெயிலும் காற்றும் இதற்கு ஆகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சாண்ட்விச் என்ற ஊரின் பாறைக்குட்டைகளில் தொடர்ந்து கவனித்தபோது, நீர் வற்றியபின் 2, 3 மணி நேரத்துக்கு மேல் காற்றுப்படும் இடங்களில் இது தங்குவதில்லை என்று தெரிந்தது. ஆகவே தேட வேண்டிய இடங்கள் இவை: கரையின் கடைசி விளிம்பு, தண்ணீர் வடியாத குட்டைகள், முழங்கால் உயரக் கற்களின் அடிப்பக்கம், தொங்கு பாறையின் உட்கூரை, பெரிய கடற்பாசிகளின் அடித்தண்டு.

நாளும் முக்கியம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீர் மிகவும் கீழே வற்றும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் வற்றம் இன்னும் அதிகம். இரண்டில் செப்டம்பர்தான் எங்கள் தேர்வு. கோடை முழுதும் வளர்ந்து காலனி பெரிதாக இருக்கும் காலம் அது. மார்ச்சில் அதே கல்லின் அடியில் நகத்தளவு எச்சம்தான் இருக்கும், கண்ணில் படாது.

வற்று நேரத்துக்கு ஒரு மணி முன்பே இறங்கி, நீரைப் பின்தொடர்ந்து கீழே போங்கள். நீர் திரும்பியதும் நீங்களும் திரும்புங்கள். கையில் இருக்க வேண்டியவை டார்ச், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு அளவுகோல், கேமரா. கல்லைப் புரட்டினால் புரட்டிய மாதிரியே திருப்பி வையுங்கள். அடிப்பக்க உயிர்களை வெயிலில் விட்டுவிட்டுப் போவது கணக்கெடுப்பு இல்லை.

எப்படி அடையாளம் காண்பது?

நிறம் வெளிர் ஆரஞ்சு, இளமஞ்சள், பாலேடு வெள்ளை, சில சமயம் லேசான பழுப்பு. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீருக்குள் இருக்கும்போதே பாருங்கள். இலை நரம்பு போல மங்கலான கோடுகள் மேற்பரப்பில் ஓடும், அவை உள்ளே ஓடும் பொது வாய்க்கால்கள். கோடுகளுக்கு இடையில் ஊசிப்புள்ளிகள் ஓரளவு சீரான இடைவெளியில் இருக்கும். விரலால் மெதுவாகத் தொட்டால் ஓட்டைகள் நிதானமாகச் சுருங்கும். தொடும்போது ஈரமான ரப்பர் போல வழவழப்பாக, உறுதியாக இருக்கும்.

ஏமாற்றும் உயிர்கள் நிறைய. கடற்பஞ்சுகளில் ரொட்டித்தூள் பஞ்சு என்று ஒன்று உண்டு. அதன் ஓட்டைகள் சிறு எரிமலை வாய் போல மேடாக நிற்கும், அழுத்தினால் பொடிந்து உதிரும். நட்சத்திரக் கடற்பீச்சியில் தனியுயிர்கள் பூ இதழ் போல வட்டமாக அமைந்திருக்கும். அந்தப் பூவைக் கண்டால் அது வேறு இனம் என்று விட்டுவிடலாம். கம்பளக் கடற்பீச்சியின் தோலில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்பு முட்கள் டிப்ளோசோமா என்ற கடற்பீச்சியில் கிடையாது. கண்ணாடி போல இருக்கும், விரல் பட்டால் குழைந்து கிழியும். உண்மையான சிக்கல் நெருங்கிய உறவினர்களோடுதான். லிசோகிளினம், டிரைடிடெம்னம் எல்லாம் வெள்ளையாக, தட்டையாக, அதே கல்லின் அடியில் இருக்கும். பிரான்ஸின் ரோஸ்காஃப் பகுதியிலிருந்து 2020இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு டிடெம்னம் சூடோவெக்சில்லம், அதாவது 'போலி வெக்சில்லம்', என்றே பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை வைத்துச் சந்தேகப்படலாம். உறுதி செய்ய மைக்ரோஸ்கோப்போ மரபணுச் சோதனையோ வேண்டும்.

படம் எடுப்பதும் மாதிரி எடுப்பதும் எப்படி?

குறைந்தது மூன்று படங்கள். கரை முழுதும் தெரியும்படி ஒன்று, கல்லும் காலனியும் சேர்ந்து ஒன்று, அளவுகோல் வைத்து நெருக்கமாக ஒன்று. நெருக்கப் படத்தைக் காலனி நீருக்குள் இருக்கும்போது எடுங்கள். வெளியே எடுத்தால் ஓட்டைகள் மூடிக்கொண்டு வெறும் பளபளப்புதான் விழும். இடத்தின் ஜிபிஎஸ் எண், தேதி, காலனியின் தோராய அளவு ஆகியவற்றை அங்கேயே குறித்துவிடுங்கள். பிரிட்டனில் இந்தத் தகவலை ஐரெக்கார்டு தளத்தில் பதியலாம். நியூசிலாந்தில் முதன்மைத் தொழில்கள் அமைச்சகம் பெற்றுக்கொள்ளும்.

உள்ளூர் அலுவலர் கேட்டால் மட்டும் மாதிரி எடுங்கள். நகத்தளவு போதும். மரபணுவுக்கு என்றால் 95 சதவீத எத்தனாலில் நேராகப் போடலாம். உடலமைப்பைப் பார்ப்பதற்கு என்றால் முதலில் கடல்நீரில் மென்தால் படிகம் தூவி, சில மணி நேரம் மயங்க விட வேண்டும். மயங்காமல் ஃபார்மலினில் போட்டால் தனியுயிர்கள் சுருண்டுகொள்ளும். அப்புறம் விந்தகத்தைச் சுற்றி விந்துக்குழாய் எத்தனை சுருள் சுற்றியிருக்கிறது என்று எண்ண முடியாது, இனத்தைப் பிரிக்க அந்த எண்ணிக்கை வேண்டும். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. சாதாரண ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகும். தோலில் இருக்கும் நட்சத்திர வடிவச் சுண்ணாம்பு முட்கள் அதில் கரைந்துபோகும். அடையாளச் சீட்டையே கிழித்துப் போட்ட கதை. அமிலம் முறிக்கப்பட்ட ஃபார்மலினைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கண்டதும் சுரண்டி எறிந்துவிட்டால் என்ன?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

செடியின் கிளையை ஒடித்து நட்டால் துளிர்ப்பது போல, இதன் துண்டும் துளிர்க்கும். நீரில் விழுந்த துண்டு சில மணி நேரத்திலேயே எதிலாவது ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். தொட்டியில் வாரக்கணக்கில் மிதக்கவிட்ட துண்டுகளும் பிறகு ஒட்டி வளர்ந்திருக்கின்றன. சாண்ட்விச் குட்டையில் வைத்த சிறு துண்டுகள் முதல் 15 நாளில் பரப்பளவில் 6 முதல் 11 மடங்கு பெருகின. துண்டுக்குள் பொரியக் காத்திருக்கும் குஞ்சுகளும் இருக்கலாம். ஆக, ஒரு காலனியைச் சுரண்டி அலையில் விட்டால் ஒன்று ஐம்பதாகும். பெரும்பாலும் நல்லெண்ணத்தில் செய்யும் காரியம்தான் இது, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தகவல் கொடுங்கள், சுரண்டாதீர்கள்.

தானாக எவ்வளவு தூரம் பரவும்?

சொற்பம். குஞ்சு நீந்துவது பெரும்பாலும் சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள் சொச்சம். அதற்குள் நிழலான இடம் பார்த்து ஒட்டிவிடும். நூறு மைல் தாண்டிப் புதிதாக முளைத்திருந்தால் அதை மனிதர்தான் கொண்டுவந்திருப்பார்கள். படகின் அடிப்பாகத்தில், இடம் மாற்றிய சிப்பிக் குஞ்சுகளோடு, பழைய கயிறு, கூண்டு, மிதவைகளில் ஒட்டி வந்திருக்கும். நியூசிலாந்தில் வடக்குத் தீவிலிருந்து ஒரு தட்டைப்படகு அடியில் இதைச் சுமந்துகொண்டு தெற்குத் தீவின் ஷேக்ஸ்பியர் விரிகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மார்ல்பரோ நீரிணைகளுக்கு அது அப்படித்தான் வந்தது. வேகமாக ஓடும் படகை விட மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டிக் கிடந்துவிட்டு மெதுவாக நகரும் படகுதான் ஆபத்து. காலனி வளர நேரமும் கிடைக்கும், உரசி உதிராமலும் போய்ச் சேரும்.

இதனால் என்ன கெடுதல்?

மேலே படர்ந்து மூடிவிடும். கொட்டலசு, மஸ்ஸல் சிப்பி, கடற்பாசி, கடற்பஞ்சு என்று எதையும் விடாது. மூடப்பட்ட சிப்பிக்கு வாயைத் திறக்கவே இடம் இருக்காது. அமெரிக்காவின் கிழக்கே ஜார்ஜஸ் பேங்க் மீன்பிடிப் பகுதியில் சரளைக்கல் படுகையை 230 சதுர கி.மீ.க்கு மேல் பிடித்திருக்கிறது. ஸ்காலப் என்ற சிப்பியின் குஞ்சுகள் இதன் மேல் உட்காருவதையே தவிர்க்கின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். பண்ணைக்காரர்களுக்குக் கூடுதலாக எடை, கூலி, கழிவு.

அதே நேரம், மிகைப்படுத்தவும் கூடாது. ஒவ்வொரு கரையிலும் இது எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதில்லை. அலை பலமாக அடிக்கும் கரைகளிலும், நன்னீர் கலக்கும் ஆற்றுவாய்களிலும் சோர்ந்துதான் இருக்கும்.

குளிர்காலத்தில் காணோம். செத்துவிட்டதா?

அப்படித்தான் எல்லோரும் நினைத்து ஏமாறுகிறார்கள். சாண்ட்விச் குட்டையில் மே முதல் செப்டம்பர் வரை வளர்ந்து, அக்டோபர் முதல் நிறம் மங்கி, அழுகி, சுருங்கியது. அந்த அழுகலை லிட்டோரினா என்ற சிறு நத்தை மேய்ந்தது. ஆனால் கல்லிடுக்கில் எஞ்சிய திட்டுகளிலிருந்து கோடையில் மறுபடி கிளம்பிவிடும். உறைநிலையை ஒட்டிய நீரையும் 24° செல்சியஸ் வரையிலான நீரையும் அந்தக் குட்டையில் தாங்கியிருக்கிறது. குளிர்காலத்தில் இல்லை என்று எழுதுவதற்கு முன் செப்டம்பரில் ஒரு முறை பாருங்கள்.

படகை எப்படிச் சுத்தம் செய்வது?

தண்ணீரிலேயே வைத்துத் தேய்க்காதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். கரையேற்றிச் சுத்தம் செய்து, சுரண்டிய கழிவு கடலுக்குள் வடியாதபடி தார்ப்பாய் விரித்துச் சேகரித்து, குப்பைக்கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அடிப்பாகம் முழுதும் பாசி பிடிக்காத பெயின்ட் அடித்திருந்தாலும் விட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. கீல் எனப்படும் படகின் அடிமுதுகுக் கட்டையின் அடிமுகம், சுக்கான் திரும்பும் மூட்டு, புரொப்பெல்லர் தண்டு, நீர் உறிஞ்சும் துளையின் சல்லடை, நங்கூரச் சங்கிலி. கரையில் படகைத் தாங்கிய கட்டைகள் பட்ட இடத்தில் பெயின்ட் ஏறியிருக்காது. அந்தச் சதுரத் திட்டில்தான் முதலில் முளைக்கும்.

கயிறு, படகு உரசாமல் காக்கும் தாங்குருளை, கூண்டு, நீர்மூழ்கு உடை ஆகியவற்றை நன்னீரில் 4 மணி நேரமாவது முழுக ஊறவையுங்கள், பிறகு முற்றிலும் காயவிடுங்கள். மேலே பீய்ச்சிக் கழுவுவது போதாது. சுருட்டிய கயிற்றின் நடுப்பகுதி மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும், பிரித்துத் தொங்கவிட்டால்தான் காயும். ஒரு கரையில் தேடிய அதே பூட்ஸோடு மறுநாள் இன்னொரு கரைக்குப் போவதற்கும் இதே விதிதான்.

சிப்பிப் பண்ணையில் என்ன செய்யலாம்?

நியூசிலாந்தில் மஸ்ஸல் குஞ்சுகளை இடம் மாற்றும் முன் 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச்சில் இருக்கும் மருந்து இதுதான்) 2 நிமிடம் முக்கிய சோதனை நல்ல பலன் தந்தது. கடற்பீச்சி செத்தது, மஸ்ஸல் தப்பியது. மஸ்ஸல் ஓட்டை இறுக மூடிக்கொள்ளும், கடற்பீச்சிக்கு மூட ஓடு இல்லை. கணக்கு இதுதான்: புட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு நீர். திறந்து மாதக்கணக்கான ப்ளீச்சில் வீரியம் குறைந்திருக்கும், அப்போது இதே கணக்கு பொய்க்கும். கொத்துக் கொத்தாக இருக்கும் குஞ்சுகளைப் பிரிக்காமல் முக்கினால் நடுவில் மருந்து எட்டாது. தோல்விக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

5 சதவீத அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் வீரியம், 10 நிமிடம் என்பதும் கொல்லும். ஆனால் மெல்லிய ஓட்டுக் குஞ்சுகளுக்கு அமிலம் ஆகாது, ஆகவே கருவிகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். வினிகரையும் ப்ளீச்சையும் ஒரே தொட்டியிலோ அடுத்தடுத்தோ பயன்படுத்தாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய கொட்டகையில் உயிருக்கே ஆபத்து. பயன்படுத்திய கரைசலைக் கொட்ட உள்ளூர் அனுமதி தேவைப்படும்.

முழுதாக ஒழித்த ஊர் உண்டா? போர்த்திக் கொல்வதாகச் சொல்கிறார்களே?

போர்த்துவது வேலை செய்யும் முறைதான். மிதவையையோ தூணையோ பிளாஸ்டிக் உறையால் இறுகச் சுற்றினால் உள்ளே புதுநீர் வராது. உள்ளிருக்கும் உயிர்கள் பிராணவாயுவைத் தீர்த்துவிட்டு, செத்து அழுகி, மிச்சத்தையும் கொல்லும். உறையைப் பிரிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வேலை முடிந்தது என்று பொருள். ஹோலிஹெட்டில் 2009 முதல் இப்படிப் போர்த்தி, வேகப்படுத்த கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்தார்கள். 2010இல் ஒழிந்தது போலத்தான் இருந்தது, பிறகு திரும்ப வந்தது. கொட்டலசின் கூர்முனை உறையைக் கிழித்தாலோ, ஒரே ஒரு சங்கிலி விட்டுப்போனாலோ போதும், மறுபடி முதலிலிருந்து.

ஷேக்ஸ்பியர் விரிகுடா சொல்லும் பாடம் பாறைக்கரைக்கு நேரடியாகப் பொருந்தும். மென்மணல் தரையில் தோண்டிய மண்ணைக் கொட்டி மூடியது பலித்தது. தூண்களைப் போர்த்தியதும் பலித்தது. கரைக்குக் கொட்டியிருந்த கருங்கல் குவியலில்தான் தடுமாறினார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஆயிரம் பொந்து, எந்தத் துணியை விரித்தாலும் ஓரத்தில் நீர் புகுந்துவிடும். அதனால்தான் இயற்கைப் பாறையில் பரவியபின் ஒழிப்பதைப் பற்றிப் பேசுவதை விட, அருகிலிருக்கும் படகுத்துறையிலேயே பிடித்து நிறுத்துவது மேல் என்கிறோம்.

தொட்டால் ஆபத்தா?

இல்லை. கொட்டாது, கடிக்காது. கல்லைப் புரட்டும்போது கொட்டலசு விரலைக் கிழிப்பதுதான் அதிகம்.

தமிழ்நாட்டுக் கரையில் இருக்கிறதா?

இது குளிர், மிதவெப்பக் கடல்களின் உயிர். இதுவரை ஊன்றிய இடங்களெல்லாம் அப்படிப்பட்ட கரைகளே. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீர் இதற்குரியது அல்ல. ஆனால் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு கடற்பீச்சிகள் அங்கே உண்டு. தூத்துக்குடி துறைமுகத்தில் கல்லிலும் கான்கிரீட்டிலும் சேற்று நிறத்தில் படர்ந்திருக்கும் டிடெம்னம் சம்மாடோடிஸ் அப்படி ஒன்று. ஆரஞ்சும் வெள்ளையும் இல்லாமல் களிமண் பூசியது போல இருக்கும். உடைத்துக் கைலென்ஸில் பார்த்தால் நிறத்தின் காரணம் தெரியும். தோல் முழுக்கத் தன் எச்சத்தையே குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சேர்த்து வைத்திருக்கும்.